புழுவுக்கு ஆணி

டெக்சஸ் ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களை மீன்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தர்கள். நகைக்கடையில் குந்துமணி எடைக்குத் தகராறு செய்வதுபோல, அவுன்ஸில் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு, அதாவது ஒரு கிராம்கூடத் தேறாத துணுக்குக்கு, படகில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

எல்லாம் தூண்டிலில் மாட்டும் ஒரு ரப்பர் புழுவுக்குச் சேர்க்கும் எடைக்காக. பேர்தான் ரப்பர், உடம்பு வைனில். 1949இல் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, அச்சில் ஊற்றி எடுத்த சரக்கு அது. அந்த அம்மாளுக்குச் சிலை வைக்க வேண்டும். என் வீட்டில் புழுப் பொட்டலத்தைச் சமையல் மேடையில் வைத்தாலே பஞ்சாயத்துதான்.

பாஸ் பல நேரம் இரை கீழே இறங்கும்போதே பாய்ந்து கவ்வும். எனவே இறங்குகிற வேகம்தான் உயிர்நாடி. எடை கூடினால் புழு கல்லாக விழும். குறைந்தால் தூண்டில் நரம்பைக் காற்று இழுத்துக்கொண்டு போகும், புழு அடிமட்டத்தைப் பார்க்கவே பார்க்காது. பாசிக்குள் நுழைய வேண்டுமானால் டெக்சஸ் ரிக்: புழுவின் மூக்குக்கு முன்னால் தோட்டா வடிவக் குண்டு. அது நழுவாமல் இருக்க, பல் குத்தும் குச்சியைக் குண்டின் ஓட்டையில் செருகி ஒடிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த நெக்கோ ரிக். புழுவின் தடித்த முனையில் ஒரு குட்டி ஆணியைச் செருக வேண்டும். கட்டைவிரலால் நேராக அழுத்தினால் நல்ல பிள்ளையாக உள்ளே போகும். கொஞ்சம் சாய்ந்தாலும் விலாவைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். விரலெல்லாம் புழுவில் கலந்த உப்பும் பூண்டு வாசனையும். முள்ளை நடு உடம்பில் மாட்டி இறக்கினால், புழு தலைகீழாக நின்று தரையைக் கொத்தும், வால் மேலே ஆடும். நான் இதைச் செய்வதைப் பார்த்த என் மனைவி, “புழுவுக்கு யாராவது ஆணி அடிப்பாங்களா?” என்றாள். தேவையான ஆணி எது, தேவையில்லாத ஆணி எது என்பது வடிவேலுவுக்கே தீராத பிரச்சினை. நான் எம்மாத்திரம்?

ஆணியே வேண்டாம் என்பவர்களுக்கு யமமோட்டோ நிறுவனத்தின் சென்கோ புழு. உடம்பு முழுக்க உப்பு. அந்தக் கனத்திலேயே இரண்டு முனையும் நடுங்க நடுங்க மெதுவாக இறங்கும். உப்புச் சுவை பட்டால் மீன் சட்டென்று துப்பாமல் இன்னும் ஒரு நொடி பிடித்துக்கொண்டிருக்கும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ஜாதி போலும். நாம் நினைப்பதோ விலையை: ஏறக்குறைய ஒரு டாலர் கொடுத்து வாங்கிய புழு இரண்டு மீனுக்குள் கிழிந்துவிடும்.

ஈயத்தை விழுங்கி நீர்ப்பறவைகள் சாவதால், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை போட்டிருக்கின்றன. மாற்று, டங்ஸ்டன். அதே எடைக்குச் சிறிதாக இருக்கும், பாறையில் பட்டால் விரல் வரை ‘டிக்’ என்று தெரியும். அதன் அடர்த்தி ஏறக்குறைய தங்கத்தின் அடர்த்திதான் என்று ஒருநாள் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். “அப்போ எனக்கு வாங்காததெல்லாம் புழுவுக்கு வாங்கியிருக்கீங்க” என்று பதில் வந்தது.

எடையைப் புழுவோடு நிறுத்திக்கொண்டால் குடும்பத்தில்தான் வழக்கு. 2022இல் ஈரி ஏரியில் நடந்த வாலாய் மீன் போட்டியில் இரண்டு பேர் மீன் வயிற்றுக்குள்ளேயே ஈயக் குண்டுகளைத் திணித்துத் தராசில் வைத்தார்கள். போட்டி நடத்தியவர் அங்கேயே மீன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். விஷயம் நீதிமன்றம் வரை போய், சிறையில் முடிந்தது.

இவ்வளவு வித்தைக்கும் பலன்? டெக்சஸின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் சிக்கியது. பிடித்தவர் பாஸைத் தேடியே போகவில்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக, உயிருள்ள பொடி மீனை முள்ளில் மாட்டிக் காத்திருந்தவர். என்னோடு படகில் வரும் திருநெல்வேலி நண்பரிடம் இதைச் சொன்னேன். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடித்த கதையை ரசிப்பார் என்று பார்த்தால், ஆணியைச் செருகியபடியே கேட்டார்:

“அது சரி வே, அந்தப் பொடி மீனுக்கு மேல எத்தனை அவுன்ஸ் குண்டு போட்டிருந்தாராம்?”