அலுவலக இமையோர்: ஓர் ஆய்வு

தேவர்களுக்கு இமையோர் என்று ஒரு பெயர் உண்டு. கண் இமைக்காதவர்கள் என்று பொருள் சொல்வார்கள். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, இமைத்தவரே மனிதர் என்று தமயந்தி கண்டுகொண்டாள். அதே சோதனையை இன்று ஒரு கணக்குப் பிரிவில், மாலை 4 மணிக்கு நடத்தினால், மாலையை வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறார். திரைமுன் அது 5, 7 என்று இறங்கிவிடுகிறது. அதிலும் பல அரைகுறை. மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிடும். கண்மேல் படிந்த ஈரத்தைப் புதுப்பிப்பது இந்த இமைப்புதான். நீர் ஆவியாகாமலிருக்க அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வேறு. இமைக்காதபோது படலம் கிழிந்து, ஏசி காற்றில் கண் உலர்ந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. உலர்ந்த கண்ணிலிருந்தே தண்ணீர் கொட்டுவதும் உண்டு. வறட்சி என்று மருத்துவர் சொன்னால் யார் நம்புவார்?

இதில் தமிழிலக்கணத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாக வைத்தது தொல்காப்பியம். கணிப்பொறி முன் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் கைநொடியை மட்டுமே நம்பியிருப்பார்.

வறட்சி பாதிக் கதை. அருகில் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை இறுகி வில்லையைப் பருக்கச் செய்கிறது. மணிக்கணக்கில் அது கை ஓங்கியபடியே நிற்பதுபோல் நிற்கிறது. கடிகாரம் செய்வோர் போன்ற நுணுக்க வேலைக்காரர்கள் அவ்வப்போது வேலையை விட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். இன்றைய மருத்துவர் அதையே 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி என்று வாய்ப்பாடாக்கித் தருகிறார். நீல ஒளிக் கண்ணாடியோ, குறுகிய காலத்தில் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு.

ஆனால் 20 அடிக்கு எங்கே போவது? நமது ஆய்வுக்குரியவரின் எதிரே நாலடியில் ஒரு பிடரி; அதற்கு மேல் சுவர், சுவரில் பழைய காலண்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் புறங்கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு, எதிர்சாரி டீக்கடைக்குப் போனார். அங்கே நல்ல தூரம்: பேருந்து நிறுத்தம், வேப்பமரம், மரத்துக்கு அப்பால் தண்ணீர்த்தொட்டி. பெஞ்சில் அமர்ந்ததும் செல்பேசியை எடுத்து, முகத்துக்கு ஓரடியில் பிடித்துக்கொண்டார்.

டீ வந்தது. நிமிர்ந்தார். ஆவி பட்டு ஒருமுறை முழுசாக இமைத்தார். குறிப்பேட்டில் ஒரு கோடு விழுந்தது.