ஒருமுறைச் சலுகை கோரும் மழைநீரின் மனு

அனுப்புநர்
சென்னை மழைநீருக்காக,
தரைத்தளத்தில் குடியிருக்கும் வரி செலுத்துநர் ஒருவர்,
தென்சென்னை.

பெறுநர்
உயர்திரு உறுப்பினர்-செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர்.

பொருள்: அங்கீகாரமின்றி மாநகருக்குள் தங்கிவரும் மழைநீரை ஒருமுறைச் சலுகையாக வரன்முறை செய்து தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவுகள் 113-ஏ, 113-சி, அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் திட்டம், 2017.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மனுதாரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்க மட்டும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் 2015இல் ஒன்றும் 2023இல் ஒன்றும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை. ஆகவே அவர் சார்பில் இந்த மனுவை நான் எழுதித் தருகிறேன்.

முதலில் அனுபவ பாத்தியதை. மனுதாரர் நேற்று வந்து கொட்டகை போட்டவர் அல்ல. மாம்பலத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்ட ஏரி என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர். சென்னை மாகாணத்துக்கென்று நகரமைப்புச் சட்டம் வந்தது 1920இல். சட்டம் கைக்கு வந்ததும் நம் முன்னோர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, அந்த ஏரியை வற்றவைத்து அதன்மேல் தியாகராய நகரை எழுப்பியது. நுங்கம்பாக்கம் ஏரிக்கும் பின்னால் அதே கதிதான். அது இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு வான்சிறப்பு பாடி, மழைக்கு இரண்டாவது நாற்காலி போட்டவர் வள்ளுவர். அவருக்கு நினைவகம் கட்ட மழை தங்குகிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரசனையை மனுதாரர் இன்றும் வியந்துகொண்டிருக்கிறார்.

முகவரிச் சான்று கேட்பீர்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. சேத்துப்பட்டில் ஸ்பர்டாங்க் ரோடு. ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு மாநகராட்சியே பெயர்ப்பலகை நட்டு முகவரி கொடுத்திருக்கிறது?

அடுத்து, தகுதித் தேதி. விதிமீறிய கட்டடங்களை வரன்முறை செய்ய 1998இல் பிரிவு 113-ஏ வந்தது. 28.2.1999க்கு முன் கட்டியவர்கள் பணம் கட்டிப் பாவம் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு முறைதான் என்பதால் உச்ச நீதிமன்றமும் 2000இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு முறை பிறகு ரப்பர்போல் நீண்டது. நீட்டிப்புகளை 2006இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2012இல் 113-சி பிறந்தது, இம்முறை 1.7.2007க்கு முன் கட்டியிருந்தால் போதும் என்றார்கள். 2017இல் அங்கீகாரமற்ற மனைகளுக்கு ஒரு திட்டம். அதற்குத் தேதி 20.10.2016. மனுதாரர் இந்த எல்லாத் தேதிகளுக்கும் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தியே இங்கு வந்துவிட்டவர். தகுதியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்தத் தேதிகள் நகரத்துக்கு என்ன கற்றுக்கொடுத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதிப்படி மூன்று பக்கமும் இடம் விட்டு, வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்க நடையாய் நடந்து கட்டியவர், அந்த இடத்தை இழந்தார். இடம் விடாமல் கட்டியவர், பின்னால் ஒரு தொகையைக் கட்டி அதைத் தனக்கே வைத்துக்கொண்டார். அதற்குள் மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கும் விட்டுவிட்டார். திட்டத்தை மதிப்பவன் ஏமாளி, மீறுபவன் முன்யோசனைக்காரன் என்ற பாடத்தை இந்த ஊருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. மனுதாரரும் அதே பாடத்தைப் படித்தவர்தான். அவரும் யாரிடமும் ஒப்புதல் வாங்காமல், பக்கவாட்டில் இடம் விடாமல், நேராகக் கூடத்துக்குள் வந்து உட்காருகிறார். மற்றவர்களுக்குக் கிடைத்த பரிவு அவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

முன்னுதாரணங்கள் வேண்டுமென்றால் அரசே அள்ளித் தந்திருக்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் கால் நனைத்து நிற்கின்றன. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைத் தாண்டிப் போகிறது. 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, ஆறு அந்த மரியாதையைத் திருப்பிச் செலுத்த ஓடுபாதைக்கே வந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தின்மேல் இருக்கிறது. நீரை ஆராய வந்தவர்களே நீர் இருந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்ட பிறகு, நீர் எங்கே போகும்?

பள்ளிக்கரணை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு அது. 2007இல் 317 ஹெக்டேர் வனத்துறைப் பாதுகாப்புக்குள் வந்தது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ஈரநிலங்களுக்கான ராம்சர் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் சர்வதேச அந்தஸ்து. சொத்தையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு பெரியவருக்குப் பொன்னாடை போர்த்துகிற வழக்கம் நமக்குப் புதிதா என்ன?

இந்த மனுவுக்கு ஆட்சேபணை சொல்லக்கூடிய ஒரு தரப்பு உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனு முழுமையாகாது. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசையில் இருந்தவர்கள் அவர்கள். வெள்ளத்துக்குக் காரணம் ஆக்கிரமிப்பு என்று 2015க்குப் பிறகு முடிவானது. நல்ல முடிவு. ஆக்கிரமிப்பு என்ற சொல் ஏரிக்குள் நிற்கும் அடுக்குமாடிகளைத் தேடிப் போகாமல், நேராக ஆற்றங்கரைக் கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றி, நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பக்கத்திலேயே கண்ணகி நகர் இருக்கிறது. அங்கே 2000 முதலே இப்படி இறக்கிவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் நடந்து போனவர்கள், பஸ் மாறிப் போக வேண்டியதாயிற்று. பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். பெரும்பாக்கமும் அதே சதுப்பின் ஓரம்தான். தண்ணீரிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோய், தண்ணீர் வரும் இடத்தில் விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மனுதாரர் அங்கும் போய்ப் பார்த்தார். ‘எங்களை விரட்டினார்கள், உன்னை ஏன் வரன்முறை செய்ய வேண்டும்?’ என்று அவர்கள் கேட்டால், மனுதாரரிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் இந்த மனுவுக்கான பதிலோடு சேர்த்து அனுப்பவும்.

அனைவரையும் உள்ளடக்கிய நகரம் என்று எல்லாத் திட்ட அறிக்கைகளின் முதல் பக்கத்திலும் இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர் உள்ளே வர வேண்டும், அவர் வீடு மட்டும் வெளியே இருக்க வேண்டும் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

துறைகளின் ஒருங்கிணைப்புக்கு வருகிறேன். இதில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் தெருவே சாட்சி. யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன்; ஒருவர் வந்து குழாய்க்காகத் தோண்டினார். அவர் மூடியதும், மண் இறுகுவதற்குள் இன்னொருவர் வந்து கேபிளுக்காகத் தோண்டினார். மூன்றாமவர் மழைநீர் வடிகால் கட்ட வந்தார். நடுவில் மின்சாரப் பெட்டி இருந்ததால், அதற்கு இந்தப் பக்கம் ஒரு வடிகாலும் அந்தப் பக்கம் ஒரு வடிகாலும் கட்டி, இரண்டையும் சேர்ப்பதை மனுதாரரின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டார். கடைசியாகச் சாலை போட வந்தவர், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிது போட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு ஏறிப்போக மூன்று படி இருந்தது. இப்போது இறங்கிப்போக ஒரு படி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். அவர் வாசலில் இருந்த தண்ணீரையும் சேர்த்து இப்போது நாங்கள் பராமரிக்கிறோம்.

மனுதாரருக்கு மட்டும் ஒருங்கிணைப்பு இயல்பாக வருகிறது. மாம்பலம் கால்வாயில் புறப்பட்டால் நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்ந்துவிடுவார். வடிகால் மாநகராட்சிக்கு, ஏரி நீர்வளத் துறைக்கு, சதுப்பு வனத்துறைக்கு என்று எல்லைக் கல் நட்டிருப்பது அவருக்குத் தெரியாது. மனிதர்களுக்கு இது சற்று நேரம் பிடிக்கிறது. பஸ்ஸும் ரயிலும் மெட்ரோவும் சேர்ந்து யோசிக்க ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010இல் சட்டம் போட்டோம். அதன் முதல் கூட்டம் 2022இல் நடந்தது. நாற்காலி வாங்க டெண்டர் தாமதமாகியிருக்கும்.

மக்கள் பங்கேற்பும் அப்படியே. வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1992இலேயே அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். சென்னையில் 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இருக்கவில்லை. குழு எங்கே இருந்திருக்கும்? இருந்தும் மக்கள் பங்கேற்காமல் இல்லை. கனமழை எச்சரிக்கை வந்த 2024 அக்டோபரில், வேளச்சேரிக்காரர்கள் யாரும் சொல்லாமலே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். ஆலோசகர் இல்லை, கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லை. எந்த இடம் நனையும், எந்த இடம் நனையாது என்பதை உங்கள் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைவிடத் துல்லியமாக அவர்கள் குறித்துக் காட்டினார்கள். வரும் திட்டத்தில் மேம்பாலத்தைக் குடியிருப்புப் பகுதி என்று வகைப்படுத்தலாம்.

ஐயா, 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த தங்கள் எல்லை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வாழ்த்துகள். சின்ன வட்டத்துக்குள் சொன்ன பேச்சைக் கேட்காத நகரம் பெரிய வட்டத்துக்குள் கேட்கும் என்ற நம்பிக்கையை மெச்சுகிறேன். 2008இல் வெளிவந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாவது இப்போது தயாராகிறது. அது 2046 வரை ஆளும்.

எனவே, மேற்சொன்ன காரணங்களால் மனுதாரரை வரன்முறை செய்து, அவர் தங்கும் கூடங்களுக்கும் படுக்கையறைகளுக்கும் பட்டா வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் ரொக்கமாகத் தர இயலாது. ஏப்ரலில் லாரித் தண்ணீருக்கு ஊர் வரிசையில் நிற்கும்போது, நிலத்தடியிலிருந்து தவணையாகக் கட்டிவிடுவார்.

இதற்கு விதியில் இடமில்லை என்று தாங்கள் கருதினால், மாற்றுக் கோரிக்கை ஒன்றை முன்வைக்கிறேன். புதிதாகச் சேர்ந்த நிலத்தில் ஏரிகள் பல இன்னும் ஏரியாகவே இருக்கின்றன. மூன்றாவது திட்டத்துக்கான வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிறம் தீட்டுவதற்கு முன், ஏரியும் வரத்துக் கால்வாயும் கலங்கலும் போகும் வழியைச் சர்வே எண்ணோடு முதலில் குறியுங்கள். மிச்சமிருக்கும் நிலத்துக்கு நிறம் தீட்டுங்கள். ஆற்றங்கரையிலிருந்து ஆளைத் தூக்கினால் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி எந்தத் தேதியையும் அறிவிக்காதீர்கள். அடுத்த சலுகை வராது என்று ஒரு முறை உறுதியாகத் தெரிந்துவிட்டால், திட்டத்தைப் படிக்க முதன்முதலாக இந்த ஊரில் ஆள் வருவார்கள். மனுதாரரும் இந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

இங்ஙனம்,
மழைநீருக்காக, தரைத்தள வாசி.

இணைப்பு: கைநாட்டு வைத்த சுவரின் புகைப்படம்.

நகல்: வடிகாலுக்காக மாநகராட்சி, ஏரிக்காக நீர்வளத் துறை, சதுப்புக்காக வனத்துறை, தூண்களுக்காக ரயில்வே, பெரும்பாக்கத்துக்காக நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பிவைப்பார்கள் என்பதால் ஒரே ஒரு நகல்தான் எடுத்திருக்கிறேன். அனைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளவும்.