சேர்வராயன் மலையின் அகமுக விசுவாசி

மன ஆற்றல் வெளியுலகை நாடாமல் தன்னுள்ளேயே திரும்பும் இயல்பினரை அகமுகர் என்று 1921இல் வகைப்படுத்திய சுவிட்சர்லாந்து உளவியலார் கார்ல் யுங், ஏற்காட்டு ஆலயம் ஒன்றின் வாசலில் ஞாயிறு காலை நின்றிருந்தால், இறுதி ஆசீர் முடியும் முன்பே தம் செருப்பைக் கண்டெடுத்துவிடும் கத்தோலிக்க அகமுகருக்குத் தம் நூலில் ஓர் உட்பிரிவே ஒதுக்கியிருப்பார்.

இவர் கூச்சக்காரரும் அல்லர், கர்வம் பிடித்தவரும் அல்லர். கூட்டத்தில் களைத்துப்போகிறவர், அவ்வளவே. சென்னையின் பெரிய பங்கொன்றில் இவர் எளிதாகக் கரைந்துபோயிருப்பார். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சுமார் 1500 மீட்டர் உயரத்தில், கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளியும் கன்னியர் மடங்களும் காப்பித் தோட்டங்களும் அடங்கிய சிற்றூரில், ஒரு ஞாயிறு பூசைக்கு வராதவரைத் திங்களன்று காய்கறிக் கடையிலேயே நலம் விசாரித்துவிடுவார்கள். எதிரே வருபவர் உபதேசியார்தானா என்று தெரிவதற்குள் ஒதுங்கிக்கொள்ள உதவும் மூடுபனி ஒன்றே அவருக்குத் துணை.

அவருடைய பெருஞ்சோதனை அன்பியம், அதாவது அருகருகே வாழும் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து வீடுதோறும் கூடி விவிலியம் வாசித்து மன்றாடும் அமைப்பு. வாசகம் வாசிக்க அவர் அஞ்சுவதில்லை, சொற்கள் ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. அடுத்து வரும் பகிர்வுதான், அதாவது இன்றைய வசனம் தம்மை எப்படித் தொட்டது என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டிய கட்டம்தான், அவரை வியர்க்க வைக்கிறது. முன்னால் பேசியவர் கருத்தையே தாமும் ஆமோதிப்பதாகச் சொல்லி முடித்துக்கொள்வதற்கு வசதியாக நான்காவது ஆளாய் உட்கார இடம் பிடிப்பது அவருடைய ஆன்மிகத் தயாரிப்பில் முக்கியமான பகுதி. தம் வீட்டு முறை வந்தாலோ, சுண்டலும் காப்பியும் பரிமாறும் பணியை எவருக்கும் விட்டுக்கொடாமல் சமையலறையிலேயே நின்றுவிடுவார்.

திருப்பலியில் சமாதானம் பகிர்வதற்குக் கைகூப்பலையே பயன்படுத்தலாம் என்று 1969இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை தந்த அனுமதியைப் பண்பாட்டுமயமாக்கம் என்று இறையியலார் விரிவாக விளக்குவர். ஒரே கும்பிடில் முழு வரிசையையும் முடித்துவிடும் இவருக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை.

வேடிக்கை என்னவெனில், திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்த, இயேசு சபை நிறுவனர் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள், முழு வடிவில் ஏறத்தாழ முப்பது நாள் மௌனத்தைக் கேட்கின்றன. இதே ஏற்காட்டில் சலேசிய சபையாரின் இல்லம் ஒன்றுக்கு ரிட்ரீட், அதாவது தியானம், என்றே பெயர். சமவெளியிலிருந்து தியானத்துக்கென மலையேறி வரும் பேச்சாளர்கள் இரண்டாம் நாளே மௌனம் தாளாமல் தவிக்க, அதே மௌனத்தை ஆண்டு முழுவதும் செலவின்றிக் கடைப்பிடிக்கும் உள்ளூர்க்காரருக்கு மட்டும் நாலு பேரோடு கலகலப்பாகப் பழகும்படி அறிவுரை கிடைக்கிறது. கூட்டத்தை அனுப்பிவிட்டு இயேசு தனியே மலைமேல் ஏறியதாக நற்செய்தி கூறுவதை அவர் நன்கு அறிவார். எடுத்துக்காட்ட வாய் திறக்க வேண்டியிருப்பதால் விட்டுவிடுகிறார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பு கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்க முதலில் மண்வெட்டியுடன் வந்து நிற்பவர் அவரே, அங்கே எவரும் பகிர்வு கேட்பதில்லை. ஆகவே அன்பியப் பொறுப்பாளர்கள் மண்வெட்டி, நாற்காலி, கணக்குப் புத்தகம் என எதை வேண்டுமானாலும் அவர் கையில் கொடுக்கலாம். மைக்கை மட்டும் தயவுசெய்து வேறு யாரிடமாவது கொடுக்கவும்.