பெட்டி சார்

ஒரு வீட்டில் பெரியவர் காலமானால் பதினாறாம் நாளுக்குள் பெட்டி சார் வந்துவிடுவார். மாலை, ஊதுவத்தி, "கஷ்டப்படாம போனாரே, அதைச் சொல்லுங்க" எல்லாம் முறைப்படி நடக்கும். கண் மட்டும் பரணில் இருக்கும். கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "ஐயாவோட கணக்குப்பெட்டி ஒண்ணு இருந்துச்சே?" என்பார். அழுத முகத்தோடே, "எடுத்துட்டுப் போங்க சார், கரப்பான்தான் குடியிருக்கு" என்று கொடுத்துவிடுவார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இப்படித் தெருவுக்கு ஒருவர் உண்டு. சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை ஃபைலைத் தவிர வேறெதையும் நகர்த்தியதில்லை. அதையும் அவசரப்பட்டு நகர்த்தியதில்லை.

பெட்டி வந்ததும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். பண்ருட்டிப் பலா என்றால் முகம் மலரும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரமாச்சே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததிலிருந்து அவருக்கு ஒரு புது அளவுகோல் கிடைத்துவிட்டது: "இது தானேவுக்கு முந்தின மரம்." வேப்பம்பலகைக்கும் இதே சான்றிதழ்தான். ஆப்பிள் வந்த பெட்டிக்கும் கொடுத்திருக்கிறார்.

முதல் கட்டம், பழசைப் போக்குவது. உப்புத்தாள் 80-ல் தொடங்கி 120, 220 என்று தேய்ப்பார். மூன்று தலைமுறை கைபட்டு ஏறிய பளபளப்பு தூளாகி, மாடியில் காயும் வடகத்தின் மேல் இறங்கும். அடுத்தது புதுசாக்குவது: கீலை மாற்றி, செல்லரித்த ஓட்டையில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, நீலப் பெயிண்ட் இரண்டு கோட். அதற்கப்புறம்தான் கலையே. காய்ந்த புதுப் பெயிண்டை மூலைக்கு மூலை மறுபடி உப்புத்தாளால் சுரண்டுவார். "பழமை தெரியணும்ல?"

முதுநகர் ஆசாரி ஒருவர் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "சார், அரக்கை ஸ்பிரிட்ல ஊறவெச்சு, பஞ்சைத் துணியில சுத்தி நாலு இழுப்பு இழுத்திருந்தா போதுமே!"

போதும்தான். ஆனால் பெட்டி பெட்டியாகவே நின்றுவிடும். சாருக்கு அது டீப்பாய் ஆகவேண்டும். அடியில் கடைந்த கால் நாலு, மூலைகளில் பித்தளைப் பூ, மூடியில் பேப்பர் நாப்கினிலிருந்து வெட்டி ஒட்டிய ரோஜா.

டீப்பாய்க்குள் சாமானும் வைக்கலாம் என்பது கூடுதல் விசேஷம். போன ஐப்பசியில் ரேஷன் கார்டை வைத்தார். அடைமழையில் பலகை ஊதி, மூடி இறுகிக்கொண்டது. நெம்பினால் ரோஜா கிழியுமாம். கார்த்திகை போய், மார்கழி போய், தை வெயில் ஏறிய பிறகே கார்டு வெளியே வந்தது. பொங்கல் தொகுப்புக் கரும்பு கைநழுவிப் போனதில் வீட்டம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் சிதம்பரம். ஆருத்ரா தரிசனம் என்று சொல்லித்தான் சார் அங்கே போவார். நடராஜரைவிட மாமனார் வீட்டுப் பரணைத் தரிசித்த நேரம் அதிகம். ஒருமுறை இறக்கிய பெட்டியில் வெள்ளை எழுத்தில் 'சிதம்பரம்' என்றிருந்தது. சார் துள்ளிவிட்டார்.

"எம்.வி. சிதம்பரம்! மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடின கப்பல் மச்சான். 1985-ல தீப்பிடிச்சுதே, அதேதான்!"

"மாமா, அது ரயில் பார்சல். இறக்கவேண்டிய ஊரை எழுதியிருக்கான்."

சார் காதில் விழவில்லை. இன்றும் அது கப்பல் பெட்டிதான். கதை சொல்லச் சொல்ல ஒரு மூலையில் தீயில் கருகின தடம்கூட வந்துவிட்டது; உபயம், மெழுகுவத்தி.

சிதம்பரம் வீட்டில் இனி மிச்சம் மாமியாரின் கல்யாணப் பெட்டி ஒன்றுதான். அசல் தேக்கு. மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தால் மாமியார் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். கொத்சுக்குக் கத்தரிக்காய் நறுக்குவதும் அங்கேயேதான். போன தடவை சார் எதிரே நின்று பார்த்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

"அத்தை, அப்படியே இருங்க, அசையாதீங்க. மெத்தை தைக்க அளவு எடுத்துக்கிறேன்."