டோர்ச் தேடுவோர் கண்டனம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரவில் கரண்ட் போனால், வீட்டு இருட்டுக்குப் பொறுப்பாளி மின்சார சபை அன்று, டோர்ச் தேடி எடுப்பவரே என்பது இவ்வாய்வின் துணிபு. என்னை? மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்றே விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி கோல் கலங்கள் உண்டு. அவற்றிலுள்ள ரொடொப்சின் என்ற நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதையும். இருட்டில் ஆறுதலாகத்தான் திரும்ப ஊறும். வெளிச்சம் பட்டால் அது வெளிறுவதை 1876இல் பிரான்ஸ் பொல் என்பவர் தவளைக் கண்ணில் கண்டார். விழித்திரையின் மற்றொரு வகையான கூம்புக் கலங்கள் இருட்டில் பத்து நிமிடத்தில் தம்மாலானதைச் செய்து ஓய்ந்துவிடும். கோல்கள் முழு வலுப்பெற அரை மணியாவது வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்டை வெட்டிய நாட்டில் அரை மணி பெரிய காரியமா? ஆனால் இருபதாம் நிமிடத்தில் ஒருவர் வந்து, "ஆர் அது?" என்று முகத்தில் ஃபோன் டோர்ச்சை அடிப்பார். ஊறியதெல்லாம் போச்சு.

கண்மணி சில நொடியில் விரிந்துவிடுமே, அது போதாதோ எனின், போதாது. 2 மில்லிமீற்றரிலிருந்து 8 வரை விரிந்தாலும் உட்புகும் ஒளி 16 மடங்கே கூடும். விழித்திரை தானாகக் கூர்மையடைவதோ பல்லாயிரம் மடங்கு. இன்னொரு சாரார் தொண்ணூறுகளைக் காட்டுவர்: குடாநாட்டில் மின்சாரமே இல்லாத அந்நாளில் ஜாம் போத்தல் விளக்கில்தானே பிள்ளைகள் படித்தார்கள், வெளிச்சம் வேண்டாமென்றால் எப்படி என்பர். அது நம் பக்கத்துச் சான்று. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் அச்சுடர் மிகச் சிறியது. நிறமும் சிவப்பை ஒட்டிய மஞ்சள். கோல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. திருநெல்வேலிச் சந்தையில் பொழுதுபடும் நேரம் தக்காளி கறுத்தும் கீரை வெளிறியும் தோன்றுவது அதனாலேயே. ஆகவே புத்தகத்தை மூடிக் கிணற்றடிக்குப் போன பிள்ளைக்கு, இன்று வெள்ளை டோர்ச்சை அணைத்துவிட்டு நிற்பவரை விட விரைவில் வழி தெரிந்திருக்கும். அந்தக் காலத்துக் கண்ணே கண் என்று பெருமூச்சு விடுவோர் இதைக் கவனிக்க.

ஒழுங்கையில் பாம்பு கிடந்தால் என்ன செய்வது என்பதே வலுவான தடை. அதற்கு விடை: டோர்ச்சை அடிக்கலாம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு. இரு விழித்திரைகளும் தனித்தனியே இருட்டுக்குப் பழகுபவை; மூடிய கண்ணின் ரொடொப்சினுக்குச் சேதமில்லை. பாம்பு போனதும் டோர்ச்சை அணைத்து அந்தக் கண்ணைத் திறந்தால் படலை வரை வழி தெரியும். எதிரே வருபவர், நாம் கண்ணடிப்பதாக எண்ணிச் சண்டைக்கு வந்தாலோ எனின், அதைக் காண அவர் நம் முகத்தில் டோர்ச் அடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் சாட்சி இங்கே செல்லாது.