17 சதவீதத்துக்கு மேல் நனையாதீர்கள்

காவிரி டெல்டா விவசாயிக்கு இப்போது ஒரு புதுப் பாடம் நடத்துகிறார்கள். பாடத்தின் பெயர் காலநிலைத் தகவமைப்பு. நடக்கும் இடம் ஏசி போட்ட கல்யாண மண்டபம். வருகிறவர்களுக்கு ஒரு பை, பைக்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா. மேடையில் திரை கட்டி, பூமி சூடாகிறது, மழை தப்புகிறது, கடல் உள்ளே வருகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் வேதாரண்யம் பக்கத்துக்காரர். கடல் உள்ளே வந்ததை அவர் வீட்டுக் கிணறு எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் கூப்பிட்ட மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறார். கடைசியில் பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரு படம். அதில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பில் பாஸாகாது.

பயிற்சியைப் பிழிந்தால் வருவது ஒரே சொட்டு: மாறிக்கொள்ளுங்கள். யார்? நீங்கள்தான், வேறு யார்?

அவர் மாறாமலா இருக்கிறார்? ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல் போனதும் நாற்றங்காலைக் கைவிட்டு நேரடி விதைப்புக்குப் போனார். அறுக்க ஆள் கிடைக்காதபோது மெஷினுக்குப் போனார். சேற்றில் டயர் வண்டி இறங்காது என்றதும் கூடுதல் வாடகை கொடுத்து பெல்ட் வண்டிக்குப் போனார். குறுவை போனால் சம்பா, சம்பா பிந்தினால் தாளடி, தாளடியும் இல்லையென்றால் உளுந்து, உளுந்தும் அழுகினால் பையனைத் திருப்பூருக்கு பஸ் ஏற்றுவது. இதற்குமேல் தகவமைய வேண்டுமானால் காதோரம் செவுள்தான் முளைக்க வேண்டும்.

வானமும் அவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை. 2021 ஜனவரியில், கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்ற சம்பாவின்மேல் கொட்டியது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். 2023 பிப்ரவரியில் மறுபடியும் சரியாக அறுவடை நேரம் பார்த்து. அதே 2023-ல் ஆகஸ்ட் மாதம், 1901-லிருந்து இந்தியா கண்ட ஆகஸ்டுகளிலேயே வறண்டதாகிப்போனது. ஜூன் 12 அன்று பூத்தூவித் திறந்த மேட்டூர் அணையை அக்டோபரில் மூடினார்கள். கடைமடைக் குறுவை கருகியது. அந்தக் குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் கிடையாது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள், அதாவது ஏக்கருக்கு 5,500 ரூபாய்கூட முழுசாக வராது. உழவுக்கூலி கொடுத்துவிட்டு மிச்சத்தில் டீ குடிக்கலாம்.

இத்தனை புரட்டலுக்கு நடுவிலும் தன் நிலையில் தவறாத ஒன்று இந்த மண்ணில் உண்டு. கொள்முதல் விதியில் எழுதியிருக்கும் 17 சதவீத ஈரப்பதம். பருவம் மாறும், ஆறு மாறும், ஆட்சி மாறும். அது மாறாது.

கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லைக் கருவிக்குள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்:

"இருபது காட்டுதுங்க. காயவச்சு எடுத்துட்டு வாங்க."

"எங்க சார் காயவைக்கிறது? பத்து நாளா வெயிலே இல்ல."

"ரோட்டுல போட வேண்டியதுதான்."

ரோட்டில் போட்டால் அடுத்த மழை. தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேகும், திறந்தால் நனையும். 2025 அக்டோபரில் டெல்டாவின் சாலையோரங்களில் குறுவை நெல் குவியலிலேயே முளைவிட்டது. 22 சதவீதம் வரை அனுமதியுங்கள் என்று மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதும். டெல்லி ஒரு குழுவை அனுப்பும். குழு குவியலுக்குள் கைவிட்டு அள்ளி, மாதிரியைப் பொட்டலம் கட்டி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். மழைக்கு மழை இதே சடங்கு. பருவம் தப்பி மழை பெய்வது இனி வாடிக்கை என்று மண்டபத்தில் திரைபோட்டுச் சொன்னதும் அரசாங்கம்தான். நெல் ஏன் நனைந்தது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் திகைப்பதும் அதே அரசாங்கம்தான்.

டெல்லியைத் திட்டினால் சென்னைக்குக் குளிர்ந்துவிடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லை உலர்த்தும் இயந்திரம் எத்தனை கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது? சாக்கு இல்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள், கிடங்கு நிரம்பிவிட்டது என்பார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிற 'கவனிப்பு' மட்டும் எந்த மழையிலும் தடைபட்டதாகச் செய்தி இல்லை. அதற்கு ஈரப்பத வரம்பும் கிடையாது. ஈரத்தோடேயே வாங்கிக்கொள்வார்கள்.

"அதுதான் காப்பீடு இருக்கிறதே" என்பார் மேடைக்காரர். இருக்கிறது. 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். ராபி பருவ நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வரிசையில் நின்று அடங்கல் வாங்கி, அந்த 1.5-ஐக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அதற்குப் பிறகு நடக்கும் கணிதத்தை ரசிக்கத் தனி மனசு வேண்டும்.

உங்கள் வயல் அழிந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஊரில் நான்கு இடத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு அறுத்துப் பார்ப்பார்கள். அந்த நான்கு சதுரமும் மேட்டில் விழுந்து, உங்கள் வயல் பள்ளத்தில் கிடந்தால், ஊரோடு சேர்ந்து நீங்களும் அமோகமாக விளைவித்தவர் ஆகிவிடுவீர்கள். அறுத்த நெல்லை எதோடு ஒப்பிடுவது? கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியோடு. அதிலும் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான். கெட்ட ஆண்டு இரண்டைத் தள்ளிவிடுகிறார்களே, நல்ல மனசுதான் என்று தோன்றும். ஏழு ஆண்டில் மூன்று கெட்டால்? மூன்றாவது கேடு 'நல்ல ஐந்தில்' ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான்கு கெட்டால் இன்னும் விசேஷம். சராசரி இறங்கும், அதோடு சேர்ந்து இழப்பீட்டுக் கோடும் இறங்கும். வெள்ளம் அடிக்கடி வர வர, வெள்ளத்தால் நட்டம் இல்லை என்றாகிவிடும். அழிவைப் பழக்கப்படுத்தி ஒழித்துக்கட்டும் இந்த வித்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஊர் சராசரியில் சிக்காமல் தனி வயலுக்கே இழப்பீடு கேட்க ஒரு பிரிவு அந்தத் திட்டத்தில் இருந்தது. ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல் போன்றவை அதில் அடக்கம். 2018-ல் அதிலிருந்து நெல்லை மட்டும் வெள்ளக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். ஏனென்றால் நெல் நீரை விரும்பும் பயிர். விரும்பியது கிடைத்ததற்கு யாராவது இழப்பீடு கேட்பார்களா? கழுத்துவரை மூழ்கி, பிறகு தலையும் மூழ்கி, ஒரு வாரம் அழுகி நாறும் சம்பாவைப் பார்த்து, தண்ணீர்மேல் அதற்கு எவ்வளவு ஆசை என்று நாம் நெகிழ்ந்திருக்க வேண்டும். 2026 காரிஃப் முதல் நெல்லையும் மறுபடி சேர்க்கிறோம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். நெல்லுக்கு நீச்சல் தெரியாது என்று கண்டுபிடிக்க ஏழு ஆண்டு. கண்டுபிடித்தவர்களுக்கு விருது ஏதும் அறிவித்தார்களா தெரியவில்லை. வயல் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் பதிவு செய்ய வேண்டும் என்பது தனி வேடிக்கை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் பரண்மேல் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

காப்பீட்டுக்கு அந்தக் கணக்கு என்றால் நிவாரணத்துக்கு 33 சதவீதம். பயிர்ச் சேதம் அதற்குக் குறைந்தால் அது பேரிடர் ஆகாது. கணக்கெடுக்க வருகிறவர் வரப்பில் நின்று, பார்வையாலேயே 30-க்கும் 35-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பார். பணமும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். டெல்டாவில் எத்தனையோ நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். இன்னும் எத்தனையோ வாய்ப்பேச்சில் ஓடும் குத்தகை. விதைத்தவர், கடன் வாங்கியவர், மடையில் படுத்துக் கிடந்தவர் ஒருவர். மெட்ராஸில் உட்கார்ந்திருக்கும் பட்டாதாரர் இன்னொருவர். வெள்ளம் முன்னவரை அடித்தது, நிவாரணம் பின்னவரின் வங்கிக் கணக்கில் விழுந்தது. நிலமே இல்லாமல் நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கோ, மூழ்கிய நாளெல்லாம் கூலி போன நாள். அந்த விண்ணப்பத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பூஜ்யத்தில் 33 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் பதில் சுலபம்தானே.

சமீபத்தில் விவசாயிமேல் புதுக் குற்றச்சாட்டு ஒன்றும் வந்திருக்கிறது. நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மீத்தேன் வருகிறதாம். உண்மைதான், வருகிறது. தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விடுங்கள், காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்யுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனை. கடைமடைக்காரர் காய்ச்சலைப் பல வருடமாக ஒழுங்காகச் செய்து வருகிறார். பாய்ச்சலைத்தான் அரசாங்கம் இன்னும் அனுப்பவில்லை. மீத்தேன்மேல் இத்தனை அக்கறை கொண்டவர்கள்தான் மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கடியிலிருந்து மீத்தேனை உறிஞ்ச 2010-ல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள். ஊரே திரண்டு நின்று அதை விரட்டியது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் போட்டார்கள். மூன்றே வருடத்தில், 2023-ல், மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரியும் மைக்கேல்பட்டியும் இருந்தன. மறுபடி சத்தம் போட்டபிறகே நீக்கினார்கள். விவசாயி வயலிலிருந்து வந்தால் அது பூமிக்குக் கேடு, கம்பெனி குழாயிலிருந்து வந்தால் அது தேசத்துக்கு வளர்ச்சி.

விதைகள் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டாம். உயரமாக வளர்கிறது, நாள் பிடிக்கிறது என்று பசுமைப் புரட்சிக் காலத்தில் ஒதுக்கவைத்த காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் இப்போது 'காலநிலையைத் தாங்கும் ரகம்' என்ற முத்திரையோடு கண்காட்சிக்கு வந்திருக்கின்றன. நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் திரிந்து 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்து வைத்துவிட்டு, 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று கண்காட்சியில் ரிப்பன் வெட்டுகிறவர்கள் அன்று எங்கிருந்தார்கள்?

பணம்? அதுவும் வருகிறது, கடனாக. வெண்ணாற்றுப் படுகையில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு இவற்றைக் காலநிலைக்கு ஏற்பச் சீரமைக்க 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 10 கோடி டாலர் கடன். வேலை தேவையான வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் யாரோ எரித்த எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் நாகப்பட்டினத்துக்காரன் தலையில் வட்டி ஏறுவது எந்த ஊர் நியாயம்? ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருகிறோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. கெடு 2020. எட்டியது 2022-ல். அதிலும் பெரும்பங்கு கடன்.

2024 நவம்பரில் பாகூ மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று ஒரு புதுக் கணக்கை முடித்தார்கள். இந்தியப் பிரதிநிதி எழுந்து, இது வெறும் கண்கட்டு, எங்கள் சேதத்துக்கு இது போதாது, நாங்கள் செய்யாத குற்றத்துக்கு நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற தொனியில் வெளுத்து வாங்கினார். கேட்கவே பெருமையாக இருந்தது. மாநாடு முடிந்த சில நாளில் திருவாரூர், நாகை, மயிலாடுதுறையில் சம்பா இளம்பயிர் மூழ்கியது. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையேறியது. பாகூவில் டெல்லி எதைக் கேட்டதோ அதையேதான் திருத்துறைப்பூண்டி விவசாயி டெல்லியிடமும் சென்னையிடமும் கேட்கிறார். செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் சுமக்க வேண்டும்? அங்கே அது ராஜதந்திரம். இங்கே அதையே கேட்டு ரோட்டில் உட்கார்ந்தால் மறியல் வழக்கு.

விவசாயிக்குப் பயிற்சி கொடுத்தது போதும், விதிக்குக் கொடுங்கள். 17-க்குச் சொல்லுங்கள், மழை பருவம் பார்த்துப் பெய்வதில்லை என்று. ஏழாண்டுச் சராசரிக்குச் சொல்லுங்கள், வெள்ளம் விருந்தாளி இல்லை, குடிவந்துவிட்டது என்று. பட்டாவுக்குச் சொல்லுங்கள், உழுகிறவன் வேறு என்று. தூர்வாரும் டெண்டருக்குச் சொல்லுங்கள், ஆற்றில் தண்ணீர் வந்தபிறகு வாய்க்காலில் மண் அள்ளினால் அளந்து பார்க்க முடியாது என்று. அது டெண்டருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அந்த நேரம்.

மாறிக்கொள் என்ற சொல்லின் சூட்சுமம் 2017-லேயே வெளிப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை 140 ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பொய்த்திருந்தது. டெல்டாவில் கருகிய பயிரைப் பார்த்துவிட்டு வந்து செத்தவர்கள் உண்டு, மருந்து குடித்துச் செத்தவர்களும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வறட்சியால் தமிழ்நாட்டில் ஒரு விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, இறப்புகளுக்கு வேறு சொந்தக் காரணங்கள் என்று மாநில அரசு அங்கே எழுதிக் கொடுத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்த 3 லட்சம் மனிதாபிமானத்தில் சேர்ந்ததாம். சரி, ஒப்புக்கொள்வோம். விதைத்தது சொந்த நெல். வாங்கியது சொந்தக் கடன். அடகு வைத்தது சொந்த வீட்டுத் தாலி. காய்ந்தது சொந்தப் பயிர். சொந்தக் காரணம்தான், ஐயா.