குப்பைக்குக் கால்கோள்

ரிஷிவந்தியம் பக்கத்துப் பேச்சில் குப்பை என்றால் எரு. ‘நிலத்துக்குக் குப்பை அடிச்சாச்சா?’ என்று ஒருவர் கேட்டால், எத்தனை வண்டி என்றுதான் பதில் வரும். யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அந்தச் சொல்லுக்குத் தூக்கி எறிவது என்ற இரண்டாவது அர்த்தத்தைப் படிப்பில் கற்று, ஓய்வூதியத்தைச் செலவழித்து முதல் அர்த்தத்துக்குத் திரும்பி வருபவர்தான் நம் ‘உரம் ஆரம்பிப்பவர்’. தெருவுக்கு ஒருவர் உண்டு. துளையிட்ட நீல டிரம், கையுறை, குத்திப் பார்க்க ஒரு வெப்பமானி எல்லாம் வந்தாயிற்று. வராதது நல்ல நாள் மட்டும். “தோலை எங்கங்க கொட்றது?” என்று வீட்டம்மா முறத்தோடு நிற்பார். “இரும்மா, இன்னும் செட் ஆகல” என்பார் இவர். அதற்குள் பூசணித் தோல் வாழைத் தூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இவருக்கு இல்லாதது அறிவன்று, காய்ந்த சருகு. மக்குவதற்குக் கார்பன் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒத்திகைக்கு டிரம்முக்குள் போனதெல்லாம் தக்காளியும் வாழைப்பழத் தோலும், அதாவது நைட்ரஜனும் தண்ணீரும். மூன்றாம் நாள் நாற்றம், நான்காம் நாள் புழு, ஐந்தாம் நாள் பாட்டில் மேல் பழி. கழிவை மக்கவைக்கக் காசியாபாத் இயற்கை வேளாண்மை மையம் தரும் பாட்டில் அது. அதிலுள்ள நுண்ணுயிர்களை எடுத்ததே நாட்டு மாட்டுச் சாணத்திலிருந்துதான். அந்த மாடு அவர் வாசலைத் தாண்டித்தான் மேய்ச்சலுக்குப் போகிறது. கார்பன் குறைகிறது என்று தெரிந்ததும் தென்னைநார்க் கட்டிக்குப் பணம் கட்டுகிறார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை ஓடும் கள்ளக்குறிச்சி மாவட்டம் இது. வெட்டு முடிந்த கரும்புக் கொல்லையில் சோகையைக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். அந்தக் கரித்தூள் பறந்து வந்து டிரம்மின் மூடிமேல் உட்கார, ஐயா அதைத் துடைத்துவிட்டுக் கூரியருக்குக் காத்திருக்கிறார். வெப்பமானியின் கதை இன்னும் பரிதாபம். குவியல் 55, 60 டிகிரிக்குச் சூடேற ஏறக்குறைய ஒரு கன மீட்டர் பொருள் வேண்டும். இரண்டு பேர் சமையலின் கழிவுக்கு அந்தச் சூடு பிறக்காது. கருவி காட்டுவது கள்ளக்குறிச்சி வெயிலை. சூடேறாவிட்டாலும் மக்கும், மெதுவாக மக்கும் என்று சொன்னால் ஏமாந்துபோவார்.

‘அந்தக் காலத்தில் மாடு இருந்தது, இடம் இருந்தது, பாலித்தீன் இல்லை’ என்று அவர் வாதிடுவார். நியாயம்தான். பழைய எருக்குழி ஒன்றும் பூந்தோட்டமன்று. ஐப்பசி மழையில் அது கொசுவுக்குக் குளம். சிமென்ட் போட்ட முற்றத்தில் மூடியுள்ள டிரம் ஆடம்பரமும் இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஈரக் கழிவையும் உலர் கழிவையும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டன. இவர் பிரித்தால் தூய்மைக் காவலருக்கு ஒரு கை வேலை மிச்சம். ‘இது விஞ்ஞானம், பாட்டி வைத்தியமல்ல’ என்ற அடுத்த வாதம்தான் நிற்காது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து மக்கு உர முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டே இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாகச் சொன்னவர். சாணம், சருகு, கொஞ்சம் மண், பிழிந்த துணியளவு ஈரம், அவ்வப்போது ஒரு கிளறல்: அவர் அடுக்கிய குவியலும் ஏறத்தாழ இதுதான். இதில் எதற்கும் திறப்பு விழா கிடையாது. ஈரக் கழிவு ஒரு கை அதிகம் விழுந்தால் ஒரு கை சருகைப் போட்டு மூடினால் போதும். பிழையை உடனே திருத்திவிடக்கூடிய வேலையில் பிழைக்கு அஞ்சி நிற்பவர் இவர் ஒருவர்தான்.

ஒத்திகைக்குப் பின் கழுவிய டிரம் இன்னும் காலி. பின்பக்கத்து வாழை மட்டும் ஆள் தூக்க முடியாத தார் போட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, ‘நம்ம வீட்டு உரம்’ என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியாயிற்று. படத்தின் ஓரத்தில், காலி முறத்தோடு வீட்டம்மா பாதி தெரிகிறார்.